டிஷ்ஷுக்கும் வானத்துக்கும் நடுவுல ஒரு மேப்பிள்

இந்த எபிசோடை ஒரு மரத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2008 செப்டம்பர்ல படிக்கிறதுக்காக டொரன்டோ போனேன். ஸ்கார்பரோவுல ஒரு வீட்டோட பேஸ்மெண்ட்ல வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அன்ரி 90கள்ல யாழ்ப்பாணத்துல இருந்து போனவங்க. அவங்களோட தம்பி குடும்பம் அப்ப வன்னியில இருந்துச்சு. என்னையும் அவங்க ‘தம்பி’ன்னுதான் கூப்பிடுவாங்க. அதனால மாடியில போன் பேசும்போது ‘தம்பி’ங்கிற சத்தம் கேட்டா, என்னையா இல்ல அவரையான்னு எனக்கு ஒரு நிமிஷம் குழப்பமாவே இருக்கும்.

2009 ஜனவரியில அன்ரி வீட்டுக்கு சாட்டிலைட் டிஷ் வாங்கினாங்க. தமிழ் சேனல்ல செய்தி பார்க்கணும், அவ்வளவுதான். மைனஸ் 15 டிகிரி குளிர்ல ஒருத்தர் வந்தார். வீட்டுக்குப் பின்சுவர்ல டிஷ்ஷை மாட்டினார், மீட்டர்ல சிக்னல் பார்த்தார், கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்பிட்டார். டிஷ்ஷுக்கு முன்னாடி, தோட்டத்துல ஒரு பெரிய மேப்பிள் மரம். ஒரு இலை கிடையாது, வெறும் குச்சி. அதை யாருமே ஒரு தடையா நினைக்கல. படம் கண்ணாடி மாதிரி வந்துச்சு.

மே மாசம் இரண்டாவது வாரம் அந்த மரம் இலை விட்டுச்சு.

“தம்பி, படம் எல்லாம் பெட்டி பெட்டியாய் உடையுது. மழையும் இல்லை, ஸ்நோவும் இல்லை. பிறகேன் இப்பிடி? ஒருக்கா வந்து பாருங்கோ.”

2009 மே மாசம்னா என்னன்னு கேட்டுக்கிட்டு இருக்கிற சிலருக்குச் சட்டுனு ஞாபகம் வரும். இலங்கையில போர் முடிஞ்ச மாசம் அது. மே 10, ஞாயிற்றுக்கிழமை, டொரன்டோவுல கார்டினர் எக்ஸ்பிரஸ்வேயையே தமிழர்கள் மறிச்சு உட்கார்ந்தாங்க. ரேடியோ இருந்துச்சு, இன்டர்நெட்டும் இருந்துச்சு. ஆனா அன்ரிக்கு வேண்டியது செய்தி மட்டும் இல்ல. போர்ப் பகுதியில இருந்து வெளியே நடந்து வர்ற சனத்தைக் காட்டுவாங்க இல்லையா, அந்தக் கூட்டத்துல ஒரு முகத்தை அவங்க தேடிக்கிட்டு இருந்தாங்க. அந்த நேரம் பார்த்து டிவி உறைஞ்சு நிக்குது.

ஒரு மரத்தோட இலை எப்படி ஒரு டிவியை நிறுத்தும்? அந்தக் கேள்விக்குப் பின்னாடி போனா, இந்தத் தொழில்நுட்பத்தோட வரலாறே வேற மாதிரி தெரியுது. வழக்கமா இதை ராக்கெட் கதையாச் சொல்லுவாங்க. எனக்கு இது ஒரு நேர்கோட்டோட கதை.

அந்தக் கோட்டை முதல்ல தெளிவா வரைஞ்சு காட்டினவர் ஆர்தர் சி. கிளார்க். 1945 அக்டோபர்ல ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு நேர் மேல, தரையில இருந்து கிட்டத்தட்ட 35,786 கிலோமீட்டர் உயரத்துல ஒரு பொருளைச் சுத்தவிட்டா, அது பூமி சுத்துற அதே வேகத்துல சுத்தும். கீழே இருந்து பார்த்தா வானத்துல ஆணி அடிச்ச மாதிரி ஒரே இடத்துல நிக்கும். இப்படி மூணு இருந்தா கிட்டத்தட்ட உலகம் முழுக்க ஒலிபரப்பலாம்னு கணக்குப் போட்டார். அது நகராததால, உங்க ஆன்டெனாவையும் ஒரு தடவை திருப்பி வெச்சுட்டு மறந்துடலாம். இந்தக் கடைசி வார்த்தையிலதான் வில்லங்கம். நீங்க மறக்கலாம், மரம் மறக்காது. வளர்ந்துக்கிட்டேதான் இருக்கும்.

சாட்டிலைட் பூமத்திய ரேகைக்கு மேல மட்டும்தான் அப்படி நிக்க முடியும். அதனால நீங்க எந்த ஊர்ல இருக்கீங்கங்கிறதைப் பொறுத்து டிஷ் பார்க்க வேண்டிய கோணம் மாறும். சென்னையில நம்ம மொட்டைமாடி டிடிஎச் டிஷ் பார்க்கிறது சுமார் 68 டிகிரி மேல, கிட்டத்தட்ட தலைக்கு மேல. டொரன்டோவுல தெற்கே பார்க்கிற டிஷ்ஷுக்கு அது சுமார் 38 டிகிரிதான். டிஷ்ஷை விட 10 மீட்டர் உயரமான மரம் சென்னையில 4 மீட்டர் தள்ளி இருந்தாலே போதும், கோடு அதுக்கு மேல போயிடும். டொரன்டோவுல அதே மரம் கிட்டத்தட்ட 13 மீட்டர் தள்ளி இருக்கணும். ஸ்கார்பரோ வீடுகளோட பின் தோட்டத்துல 13 மீட்டருக்கு எங்க போறது?

ஆரம்ப காலத்துல இது யார் வீட்டுப் பிரச்சினையும் இல்ல. 1962ல டெல்ஸ்டார் போனப்ப, இங்கிலாந்தோட கூன்ஹில்லியில இருந்த டிஷ் 26 மீட்டர் அகலம், எடை 1,000 டன்னுக்கு மேல. அமெரிக்காவுல மெயின் மாநிலத்து ஆண்டோவர்ல கொம்பு மாதிரி ஒரு பிரம்மாண்ட ஆன்டெனா. பனியும் காத்தும் அதுமேல படக்கூடாதுன்னு காத்து அடைச்ச ஒரு ராட்சசக் கூடாரத்தையே மேல கவிழ்த்து வெச்சிருந்தாங்க. அரசாங்கமும் பெரிய கம்பெனியும் செய்ற வேலைங்கிறதால இடத்தை அவங்க தேர்ந்தெடுத்தாங்க. மரம் இல்லாத இடமாப் பார்த்துக் கட்டிக்கலாம்.

டிஷ் வீட்டுக்கு வந்தது அப்புறம்தான். அதுல நம்ம பக்கமும் ஒரு அத்தியாயம் உண்டு. 1975 ஆகஸ்ட்ல இருந்து ஒரு வருஷம், நாசாவோட ஏடிஎஸ்-6 சாட்டிலைட்டைக் கடன் வாங்கி இந்தியா ‘சைட்’னு ஒரு பரிசோதனை நடத்துச்சு. ஆறு மாநிலங்கள்ல சுமார் 2,400 கிராமங்கள். கோழிக்கூண்டுக்குப் போடுற கம்பிவலையில செஞ்ச 3 மீட்டர் டிஷ். தமிழ்நாடு அந்த ஆறுல இல்லை, கர்நாடகா ஆந்திராவோட நின்னுடுச்சு. ஆனா 1956ல இருந்தே இலங்கையில வாழ்ந்துக்கிட்டு இருந்த கிளார்க்குக்கு, கொழும்பு வீட்டுல ஒரு டிஷ் வெச்சுக் கொடுத்தாங்க இஸ்ரோக்காரங்க. 30 வருஷத்துக்கு முன்னாடி காகிதத்துல வரைஞ்ச கோடு அவர் வீட்டுக்கே வந்து முடிஞ்சுது. இந்த ஒரு காட்சிக்காகவே யாராவது ஒரு படம் எடுக்கலாம்.

அமெரிக்கக் கதையை வேகமாச் சொல்லிடறேன். 1976ல கலிஃபோர்னியாவுல டெய்லர் ஹோவர்டுன்னு ஒரு ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர், கேபிள் கம்பெனிகளுக்காக அனுப்பின எச்பிஓ சிக்னலைத் தன் வீட்டுலயே டிஷ் செஞ்சு பிடிச்சார். சும்மா பார்க்க மனசு கேட்காம 100 டாலருக்கு செக் அனுப்பினார், அவங்க திருப்பி அனுப்பிட்டாங்க. 1979ல நீமன் மார்கஸ் கடை தன்னோட கிறிஸ்துமஸ் கேட்டலாக்ல ஒரு வீட்டு டிஷ்ஷை 36,500 டாலருக்குப் போட்டுச்சு. 80கள்ல விலை இறங்கி, கேபிள் போகாத கிராமத்து வீடுகள்ல 3 மீட்டர் டிஷ் முளைச்சுது. தரையில கம்பம் நட்டு நிக்கிற பெரிய கிண்ணம். பனி பெய்ஞ்சா துடைப்பத்தோட போய்த் தட்டிவிட்டுட்டு வருவாங்க.

நான் ரொம்ப நேரம் நிக்க விரும்புறது கனடாவோட வடக்குல. 1972 நவம்பர்ல கனடா ‘அனிக் ஏ1’ சாட்டிலைட்டை அனுப்புச்சு. ஒரு நாடு தன் உள்நாட்டுத் தொடர்புக்காக இப்படி நிலையா நிக்கிற சாட்டிலைட்டை வெச்சுக்கிட்டது உலகத்துலயே அதுதான் முதல் தடவை. அனிக்னா இனுக்டிடுட் மொழியில சகோதரன்னு அர்த்தம். ரோடு போகாத, கேபிள் போகவே முடியாத ஆர்க்டிக் ஊர்களுக்கு போனும் டிவியும் கொண்டு போறதுதான் அதோட பெரிய வாக்குறுதி.

இப்ப அந்தக் கோணக் கணக்கைத் திரும்பப் போடுங்க. வடக்கே போகப் போக சாட்டிலைட் அடிவானத்துக்கு இறங்கிக்கிட்டே வரும். இக்லூலிக்னு ஒரு இனுயிட் ஊர், 69 டிகிரி வடக்கு. அங்க இருந்து அதிகபட்சமே 12 டிகிரி உயரத்துலதான் தெரியும். 80 டிகிரியில இருக்கிற யூரேகாவுல அடிவானத்தைத் தொட்டும் தொடாம நிக்கும். அதுக்கும் வடக்கே அலர்ட் ராணுவ நிலையத்துல சாட்டிலைட் பூமியோட வளைவுக்குக் கீழேயே போயிடுது. அங்க இருந்து மலை உச்சிகள்ல மைக்ரோவேவ் கோபுரங்களை வரிசையா நட்டு, சிக்னலைத் தெற்கே யூரேகா வரைக்கும் கொண்டு வந்து, அங்கதான் சாட்டிலைட்டைப் பிடிச்சாங்க. கம்பி போகாத ஊருக்குன்னு வந்த கருவி, கம்பி போகவே வழியில்லாத கடைசி ஊருக்கு முகம் காட்டல. இதை ஒரு பொறியியல் வேடிக்கையா மட்டும் என்னால பார்க்க முடியல.

இக்லூலிக்ல இன்னொண்ணு நடந்துச்சு. அந்த ஊர்ல மரம் கிடையாது. சிக்னல் வரும். ஆனா ஊர்க்காரங்க 70கள்ல ரெண்டு தடவை ஓட்டுப் போட்டு டிவியே வேண்டாம்னுட்டாங்க. வர்றது எல்லாம் தெற்கத்திக்காரங்க நிகழ்ச்சி, தங்க மொழியில ஒண்ணும் இல்லை, பிள்ளைங்க என்ன ஆகும்னு கேட்டாங்க. 80களோட ஆரம்பத்துல இனுயிட் மக்களே நடத்துற ஒளிபரப்பு நிறுவனம் வந்து, இனுக்டிடுட்ல நிகழ்ச்சி வர ஆரம்பிச்ச பிறகுதான், 1983ல சரின்னாங்க. இதைப் படிச்சப்ப எனக்கு அன்ரியோட ரிமோட்தான் ஞாபகம் வந்துச்சு. அவங்க வீட்டு டிஷ்ஷுல நூத்துக்கணக்குல சேனல் வரும். அவங்க அழுத்தித் தேய்ஞ்சு போனது மூணே மூணு நம்பர்.

சரி, இலைக்கு வருவோம். 1994ல அமெரிக்காவுல 18 இன்ச் டிஷ் வந்துச்சு, அப்புறம் கனடாவுலயும். 3 மீட்டர் கிண்ணம் சாப்பாட்டுத் தட்டு சைஸுக்குக் குறுகினதுக்கு முக்கியக் காரணம் ரெண்டு: சாட்டிலைட்டோட சக்தி கூடுச்சு, அதிர்வெண்ணும் கூடுச்சு. பழைய பெரிய டிஷ் 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அலை நீளம் 7.5 சென்டிமீட்டர். சின்ன டிஷ் 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அலை நீளம் 2.5 சென்டிமீட்டர். இந்தச் சின்ன அலைக்குத் தண்ணியைக் கண்டா ஆகாது. மழை அதைக் குடிச்சிடும். இலைங்கிறது என்ன? பச்சைத் தோலுக்குள்ள அடைச்ச தண்ணிதான். வெறும் குச்சியா நின்ன மரம் இலை விட்டதும், டிஷ்ஷுக்கு முன்னாடி ஈரத்துணி தொங்கவிட்ட கதை ஆயிடுச்சு.

அதுலயும் டிஜிட்டல் வந்த பிறகு எச்சரிக்கையே கிடையாது. பழைய அனலாக்ல சிக்னல் குறைஞ்சா படத்துல புள்ளி புள்ளியா வரும், ஏதோ தப்புன்னு தெரியும். டிஜிட்டல்ல இலை ஒவ்வொண்ணா விரிய சிக்னல் இறங்கிக்கிட்டே இருக்கும், படம் மட்டும் அப்படியே பளிச்சுனு இருக்கும். ஒரு நாள் எல்லையைத் தாண்டும், மொத்தமா போயிடும். அன்ரி வீட்டுல அதான் நடந்துச்சு.

பனி இதுக்கு நேர்மாறு. காய்ஞ்ச பனி கொட்டினா இந்த அலை பெரும்பாலும் ஊடுருவிப் போயிடும். ஈரப்பனிதான் எமன். அது டிஷ்ஷுலயும் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற எல்என்பி மூடியிலயும் அப்பிக்கும், தட்டோட வளைவையே மாத்திடும், உருகும்போது தண்ணியாவும் மறிக்கும். கனடாக்காரங்க இதுக்குக் கண்டுபிடிச்ச வைத்தியம் ஏராளம். சமையல் எண்ணெய் ஸ்ப்ரே அடிப்பாங்க, குப்பைப் பையை மாட்டுவாங்க, குழந்தைங்க விளையாடுற பெரிய வாட்டர் கன்ல வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி கீழே இருந்தே கூரையில அடிப்பாங்க. நான் பிப்ரவரியில அதி புத்திசாலித்தனமா ஏணி போட்டுக் கொதிக்கிற தண்ணியைக் கொண்டு போய் ஊத்தினேன். பத்தே நிமிஷம். பனி இருந்த இடத்துல கண்ணாடி மாதிரி ஐஸ்.

இதுல இருக்கிற இக்கட்டு என்னன்னா, டிஷ்ஷை உயரத்துல வெச்சா மரத்துக்குத் தப்பலாம், ஆனா பனி விழுந்தா கை எட்டாது. தாழ்வா வெச்சா துடைப்பம் எட்டும், மரம் மறைக்கும்.

மே மாசத்துக்குத் திரும்பறேன். மரத்தை வெட்டலாமான்னு முதல்ல யோசிச்சோம். டொரன்டோவுல உங்க சொந்தத் தோட்டத்து மரமா இருந்தாலும், அடிமரம் 30 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல இருந்தா நகராட்சி அனுமதி வேணும். அந்த மேப்பிளை நான் கட்டிப் பிடிச்சா ரெண்டு கையும் சேராது. கம்பெனிக்கு போன் பண்ணா, ஆள் வர பத்து நாள் ஆகும்னாங்க, நடுவுல லாங் வீக்கெண்ட் வேற. நானே ஏணி போட்டு, டிஷ்ஷுக்கு நேர் எதிர்ல இருந்த கிளையை வெட்டினேன். ஒரு மாத்தமும் இல்லை.

எதிர் வீட்டு அங்கிள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தார். ஒரு காலத்துல கொழும்புல தொலைத்தொடர்பு வேலை பார்த்தவர்.

“தம்பி, உந்த டிஷ் பாக்கிறது நீர் நினைக்கிற இடத்தை இல்லை.”

விஷயம் இதுதான். வீட்டு டிஷ்ல எல்என்பி நடுவுல இருக்காது, கீழே தள்ளி இருக்கும். அதனால தட்டு எந்தப் பக்கம் முகம் காட்டுதோ, அதை விட இருபது டிகிரிக்கும் மேல உயரத்துல இருந்துதான் சிக்னல் வருது. டொரன்டோவுல தட்டு கிட்டத்தட்ட செங்குத்தா நின்னு எதிர் வீட்டு ஜன்னலைப் பார்க்கிற மாதிரி இருக்கும், ஆனா உண்மையில அது பார்க்கிறது மரத்தோட உச்சியை. நான் வெட்டின கிளைக்கும் டிவிக்கும் சம்பந்தமே இல்லை.

அங்கிள் பேரன் பள்ளிக்கூடத்துப் பாகைமானியை எடுத்துட்டு வந்தார். நூல் கட்டி, நுனியில ஒரு நட்டைத் தொங்கவிட்டார். ஒரு திசைகாட்டி, அந்தப் பாகைமானி, அவ்வளவுதான். சாட்டிலைட் இருக்கிற திசையைப் பார்த்து 38 டிகிரிக்கு உயர்த்திக்கிட்டு, ஒரு கண்ணை மூடி, தோட்டம் முழுக்க அடி அடியா நடந்தார். நானும் அன்ரியும் பின்னாடியே. எல்லா இடத்துலயும் இலை. கடைசியில கார் நிறுத்துற பக்கம், கராஜ் மூலையில நின்னுட்டார். வீட்டுக் கூரைக்கும் மேப்பிளுக்கும் நடுவுல ஒரு துண்டு வானம். “இஞ்ச வையுங்கோ. பனி வந்தாலும் தும்புத்தடி எட்டும்.”

மே 16, சனிக்கிழமை குழி தோண்டி, இரும்புக் கம்பம் நட்டு, கான்கிரீட் ஊத்தினோம். ஞாயிறு சாயங்காலம் டிஷ்ஷை மாட்டி, நான் வெளியே மில்லிமீட்டர் மில்லிமீட்டரா திருப்ப, அன்ரி உள்ளே மீட்டரைப் பார்த்து ஜன்னல் வழியா நம்பர் சொன்னாங்க. படம் வந்துச்சு. அடுத்த நாள் திங்கள், மே 18. அன்னைக்கு அந்த வீட்டுல யாரும் டிவியை நிறுத்தவும் இல்லை, சத்தம் வைக்கவும் இல்லை. ஒவ்வொரு கூட்டத்தைக் காட்டும்போதும் அன்ரி எழுந்து போய், திரைக்கு ஒரு அடி பக்கத்துல நின்னுக்கிட்டு பார்த்தாங்க. “நடையை வைச்சே எனக்குத் தெரியும்,” அப்படின்னாங்க. டிவியில அவங்க தம்பியைப் பார்க்கல. ஜூன்ல வவுனியாப் பக்கத்து முகாம்ல இருந்து போன் வந்துச்சு, தம்பி பெண்சாதியும் ரெண்டு பிள்ளைகளும் இருக்காங்கன்னு. தம்பியைப் பத்தி அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறமும் யாரும் சொல்லல.

இப்ப ஸ்டார்லிங்க் வந்துடுச்சே, இந்தத் தொல்லை எல்லாம் பழைய கதைதானேன்னு நீங்க கேட்கலாம். 2020ல கனடா, அமெரிக்கக் கிராமப்புறங்கள்லதான் அதோட சோதனை ஓட்டம் ஆரம்பிச்சுது. அது சுமார் 550 கிலோமீட்டர் உயரத்துல ஓடிக்கிட்டே இருக்கிற சாட்டிலைட் கூட்டம். பனிக்கு அதுல வழி இருக்கு, டிஷ்ஷே தன்னைச் சூடாக்கி உருக்கிக்கும். அந்தச் சூட்டுக்குப் பனிக்காலத்துல பூனைங்க மேல ஏறிப் படுத்துக்கிட்ட போட்டோ கூட வைரலாச்சு. ஆனா மரப் பிரச்சினை கூடத்தான் செஞ்சுது. பழைய டிஷ்ஷுக்கு ஒரே ஒரு துண்டு வானம் போதும். ஓடுற சாட்டிலைட்டைத் துரத்துற டிஷ்ஷுக்கு வானத்துல பெரும்பகுதி திறந்திருக்கணும். ஒரு ஓரத்துல ஒரு பைன் மரம் நின்னாலும், சாட்டிலைட் அதுக்குப் பின்னாடி போற ஒவ்வொரு தடவையும் வீடியோ கால் அறுந்து அறுந்து வரும். கராஜ் மூலை டெக்னிக் அங்க செல்லாது.

போன வருஷம் அன்ரிகிட்ட பேசினேன். இப்ப எல்லாம் இன்டர்நெட் பாக்ஸ்தான், டிஷ்ஷைக் கழட்டியாச்சு. கம்பத்தை ஏன் விட்டு வெச்சிருக்கீங்கன்னு கேட்டேன். நாங்க ஊத்தின கான்கிரீட் அப்படி, தோண்டி எடுக்க ஆள் கேட்ட கூலி கட்டுப்படி ஆகலையாம். கோடையில அந்தக் கம்பத்துக்கும் மேப்பிளுக்கும் நடுவுல கொடி கட்டி துணி காயப்போடறாங்க.